நூற்றுப்பத்து இறாத்தல்

நூற்றுப்பத்து... அந்த மனிதன் தராசின் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை, நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவும் இல்லை, பென்சிலை நாக்கில் தொட்டு நேசமலர் என்ற பெயருக்கு நேரே நூற்றுப்பத்து இறாத்தல் என்று எழுதிவிட்டு, "அங்கால போங்கோ அம்மா" என்றான், மடியில் இருந்து வரப்போகிற கௌரியை அவன் எழுதவே இல்லை, நாலு வயதுப் பிள்ளைக்கு நிறையே கிடையாதா, போன மாதம் பொரளை ஆசுபத்திரியில் தாதி தன்னை நிறுத்துப் பார்த்து நூற்று நாற்பத்தாறு என்றாளே, அதை வீட்டில் புருஷனிடம்கூடச் சொல்லவில்லையே... சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், பிறகு அன்றிரவு கூடுதலாக ஒரு புட்டுத் துண்டை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையிலேயே போட்டிருப்பார். இப்போது இரத்மலானை விமானத் திடலின் காலை வெயிலில் விமானத்தின் அந்த வெள்ளி உடம்புக்குள் ஏறி உட்கார்ந்தாயிற்று, சன்னல் வழியே கம்பி வேலி தெரிகிறது, வேலிக்கு அப்பால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இவர் நிற்கிறார், விமானங்களைப் பார்வையிடுகிற அரசாங்கக் கந்தோரின் எழுதுவினைஞர் இரத்தினசிங்கம், தன் புருஷன், பத்து வருடத்தில் ஒரு மாலைக் காட்சிக்குக்கூட நேரத்துக்குக் கூட்டிப் போகாதவர், தங்கச்சியின் கலியாணத்துக்குக் காங்கேசன்துறைக்கு விமானத்திலே அனுப்புகிறேன் பாரும் என்று டிக்கெட்டை மேசையில் வைத்தபோது அந்த முகத்தில் இருந்த பெருமை, அப்பப்பா, அதற்காகவே எந்த உயரத்துக்கும் ஏறலாம் என்றல்லவா தோன்றியது.

பெண்களை ஏன் நிறுப்பதில்லை என்பது அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைதான். இந்த விமானம் ஓடத் தொடங்கிய முதல் வாரம் நிறுக்க வந்தவன் புகையிரதச் சாமான் கொட்டிலில் மூட்டை நிறுத்துப் பழகியவன், ஒரு புரொக்டர் வக்கீலின் மனைவி தராசில் ஏறியதும் மூட்டைக்குக் கத்துவதுபோலவே "நூற்று எழுபத்திரண்டேய்" என்று கத்திவிட்டானாம், நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம், அடுத்த நாளே புரொக்டரின் கடிதம், அதற்கு அடுத்த நாள் இவருடைய கந்தோர்த் துரையின் உத்தரவு, இனிப் பெண்களை நிறுக்க வேண்டாம், எல்லோருக்கும் நூற்றுப்பத்து எழுதிக்கொள்ளட்டும். அந்த உத்தரவை வடிவான கையெழுத்தில் எழுதியதே இவர்தான். அன்று சாப்பாட்டு மேசையில் எவ்வளவு சிரித்தோம், அந்தப் பெண்ணின் மானம் தப்பியது என்று நானும்தானே சந்தோஷப்பட்டேன்... பக்கத்து இருக்கையில் இருந்த ஜவாஹிறா, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் சகோதரன் மகளின் கலியாணத்துக்குப் போகிறவள், காதோரம் குனிந்து, "பொம்புளயள நிறுக்கிய இல்லயாமே புள்ள, அதான் பொட்டிக்க வச்ச மூணு சாரியயும் மேல சுத்திட்டு வந்தீக்கேன், இடுப்புல தொதல் இனிப்பு ரெண்டு கட்டி, பாருங்களே, மூச்சு உட ஏலா" என்று குலுங்கிச் சிரித்தாள். நேசமலருக்கும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் தன் மடிச்சீலைக்குள் தங்கச்சிக்கான வெள்ளிக் குத்துவிளக்கின் அடிப்பாகம் இருந்தது, பெட்டியில் வைத்தால் பாரம் கூடும் என்று காலையில்தான் அங்கே மாற்றினாள். சிரித்து முடித்த பிறகுதான் தலையைத் திருப்பி எண்ணத் தோன்றியது. ஒன்று, இரண்டு... ஏழு பெண்கள், ஏழு பேரும் கலியாணத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள், ஏழு பேரின் கழுத்திலும் கையிலும் இருப்பது போதாதென்று இடுப்பில் என்னவோ. ஏழு நூற்றுப்பத்து.

அப்போது விமானக் கம்பனிக்காரன் கதவடியில் நின்று தலைகளை எண்ணினான், கையிலே ஒரு தாள், அதன் மூலையில் மஞ்சளாய் ஒரு பெருவிரல் அடையாளம். அவள் முன்னால் குனிந்து பார்த்தாள். அது என் விரல். போன புதன் மாலை வெள்ளவத்தை வீட்டு மேசையில் விமானத்தைச் சோதித்தாயிற்று என்று கம்பனிக்காரர் பிறகு நிரப்பப்போகிற, ஒன்றும் எழுதாத வெறுந்தாள்களின் அடியில் இவர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனார், கடல் காற்று தாள்களைத் தூக்க, புட்டுக்குழலை எடுத்து மேலே பாரம் வைத்தவள் நான், மீனுக்கு மஞ்சள் பிரட்டிய கையோடு மை ஒற்றியவளும் நான். "எழுதாத தாளிலே ஏனப்பா கையெழுத்து?" என்று கேட்கத்தான் கேட்டேன். "கந்தோரிலே நாங்கள் மூண்டு பேர், நேசம். துரை, நான், பியோன். துரை நுவரெலியாவிலே. நான் ஒவ்வொரு விமானத்துக்கும் இரத்மலானைக்கு ஓடினால் மிச்ச வேலையை ஆர் பார்க்கிறது? கம்பனிக்காரர் யுத்தத்திலே பறந்த ஆக்கள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்" என்றார், நான் அடுத்த தாளை ஒற்றினேன், அவருடைய கையெழுத்தின் நீண்ட வால் எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டே ஒற்றினேன். இவற்றை எல்லாம் எவரோ பார்க்கிறார்கள், நிறுக்கிறார்கள், எந்திரத்தை முடுக்கிப் பார்க்கிறார்கள், அரசாங்கம் என்று ஒன்று மேலே இருக்கிறது என்றுதானே நினைத்தேன்... அந்த அரசாங்கம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையா?

விசிறிகள் சுழன்றன, இருக்கை நடுங்கியது, கௌரி கழுத்தைக் கட்டிக்கொண்டது. இப்போதே எழுந்து சொல்லலாம், நிற்பாட்டுங்கோ, நான் நூற்று நாற்பத்தாறு, பிள்ளை முப்பத்திரண்டு, இந்த அக்கா மூன்று சேலை உடுத்தியிருக்கிறா... இத்தனை ஆண்களுக்கு முன்னால் ஜவாஹிறாவின் இடுப்பைப் பற்றி எப்படிச் சொல்வது, சொன்னால் தாளைப் பார்ப்பார்கள், தாளைப் பார்த்தால் கையெழுத்தைப் பார்ப்பார்கள், இவருடைய உத்தியோகம், இவருடைய முகம்... பிள்ளையின் உயிரைவிடவா? வாய் திறந்துதான் இருந்தது. விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. வேலி பின்னால் போகிறபோது அவரைப் பார்த்தாள், கையசைப்பார் என்று பார்த்தாள், அவர் தொப்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கோயில் வாசலில்கூட அப்படி நிற்காதவர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். ஓடியது, இன்னும் ஓடியது, இவ்வளவு தூரம் ஓடவேண்டுமா, தென்னை மரங்கள் வருகின்றனவே, ஜவாஹிறாவின் சிரிப்பு நின்று கலிமா கேட்டது, நேசமலர் பிள்ளையின் முகத்தைத் தன் மார்புக்குள் புதைத்தாள், தென்னோலை சக்கரத்தில் உரசியதுபோல் ஒரு சத்தம்... பிறகு சத்தமே இல்லாதது போல ஒன்று. விமானம் மேலே எழும்பிவிட்டது, உடம்பின் பாரம் எங்கோ விட்டுப்போய்விட்டது. கீழே காலிக்குப் போகிற வீதி ஒரு நூல், நூலுக்கு அப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல்... கடலை அவள் தினமும் பார்க்கிறவள்தான், ஆனால் இப்படி, தெய்வம் பார்ப்பதுபோல மேலிருந்து, கரையோரம் பச்சையாய், தள்ளிப்போய் நீலமாய், நுரை ஒரு மல்லிகைச் சரம்போல் அறுந்து அறுந்து சேர, இப்படி ஒன்று தன் வாசலில் இத்தனை வருடமும் கிடந்ததா? விமானம் சரிந்து வடக்கே திரும்பியது, அந்தக் கூரைகளில் ஒன்று நம்முடையது, அந்த மேசை, அந்தப் புட்டுக்குழல் எல்லாம் அதன் கீழே, பிறகு துறைமுகக் கப்பல்கள், தான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனை, சிறுவயதில் கழுத்து நோக அண்ணாந்து பார்த்த தேவாலயத்தின் குவிமாடம் ஒரு கவிழ்த்த கிண்ணம்போல, களனி கங்கை கடலைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறம். கண்ணீர் வந்தது, பயத்தில் அல்ல, இவ்வளவு பாரத்தையும் சேலையையும் தொதலையும் பொய்யையும் சேர்த்து இந்தக் காற்று தூக்கி வைத்திருக்கிறதே என்று.

"அம்மா, அப்பாவும் இதைப் பார்த்தவரோ?" என்றது கௌரி. இல்லை, அவர் ஒருநாளும் ஏறினதில்லை, எனக்குத்தான் முதலில் காட்டவேண்டும் என்று... அல்லது ஏறாமல் இருந்ததற்கு வேறு காரணமா, அந்தக் கண்கள் மூடியிருந்தது எங்கள்மேல் இருந்த அன்பிலா, ஆபத்து தெரிந்திருந்ததிலா, இரண்டும் ஒன்றாக ஒரு மனிதனின் இமைக்குள் இருக்க முடியுமா? "பார்ப்பார், பிள்ளை" என்றாள். பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டது. நேசமலர் தன் வலது பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள், நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் மெல்லியதாய் இருந்தது. அன்று மை ஒற்றும்போது கை கழுவப் போனது மூன்றாவது தாளுக்குப் பிறகா, நாலாவதுக்குப் பிறகா... திங்கட்கிழமை காங்கேசன்துறையில் இருந்து திரும்புகிற பறப்புக்கான தாளும் கையெழுத்தோடு அந்தத் தாள்கட்டிலேதான் இருந்தது, அதையும் அவள்தான் ஒற்றினாள், மை நன்றாகக் காய்ந்திருக்கும்.