எழுபத்திரண்டு பாதிப் படங்கள்

என் மாமனார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உலகத்தைப் பார்த்த ஓட்டையின் விலை நாற்பதாயிரம். பழைய ஜப்பான் கேமரா. அதைச் செய்த கம்பெனியை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் அந்த விலை என்றார் அதை விலைக்குக் கேட்டு வந்தவர்.

மாமனார் காலமானதும் அவருடைய தையல்கடையின் நடுவே பிளைவுட் அடித்துப் பிரித்தாயிற்று. இந்தப் பக்கம் என் மனைவியின் தையல், அந்தப் பக்கம் மச்சினியின் பட்டன் வியாபாரம். துணி வெட்டும் நீள மேசையைக்கூட அறுத்து ஆளுக்குப் பாதி. பதினோரு மாதமாக அக்கா தங்கைக்குள் பேச்சு கிடையாது, தூது நான். கேமராவைத்தான் அறுக்க முடியவில்லை. இருவருக்கும் அது வேண்டும். மற்றவளுக்குப் போவதைவிட விற்றுத் தொலைக்கலாம் என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

நான் ஒரு வழி சொன்னேன். ஒரே ஃபிலிம் சுருள், மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், யார் படம் நன்றாக வருகிறதோ அவளுக்குக் கேமரா. ஸ்டுடியோக்காரர் தீர்ப்புச் சொல்வார். கேமராவோ மகா கருமி. முப்பத்தாறு படச் சுருளில் பாதிப் பாதியாக எழுபத்திரண்டு எடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக அந்தப் பக்கம் போய் வந்ததில் என் செருப்பு தேய்ந்தது.

ஸ்டுடியோக்காரர் இந்த மாதிரிக் கேமராவைப் பார்த்ததில்லை. இரண்டிரண்டு பாதியை ஒரே படமாக அச்சடித்து வைத்திருந்தார். படங்களை வாங்க இருவரும் வந்தார்கள், ஒருத்தியை ஒருத்தி நம்பாமல்.

முதல் படத்தில் இடப்பக்கம் என் மனைவியின் அரை மேசை, வலப்பக்கம் மச்சினியின் அரை மேசை. நடுவில் மயிரிழைக் கறுப்புக் கோடு. சுவரிலிருந்து சுவர்வரை மாமனாரின் மேசை முழுசாகக் கிடந்தது.

“வெட்டித் தரேம்மா, ஒரு நிமிஷம்” என்று ஸ்டுடியோக்காரர் கத்தரியை எடுத்தார். இரண்டு கைகள் படத்தின்மேல் விழுந்தன.

“கோடு மெல்லிசாத்தான் இருக்குக்கா” என்றாள் மச்சினி.

என் மனைவி உற்றுப் பார்த்தாள். “உன் பக்கம் கோணல்டி. சாய்ச்சுப் பிடிச்சிருக்க.”

பிறகு இருவரும் ஸ்டுடியோக்காரர் பக்கம் திரும்பினார்கள். எழுபத்திரண்டு படம் கேட்டால் முப்பத்தாறா என்று அக்கா ஆரம்பிக்க, அப்படியானால் பாதிக் காசுதான் என்று தங்கை முடித்தாள். அவர் தீர்ப்பை மறந்து ஓர் ஆல்பமும் சேர்த்துக் கொடுத்தார்.

கணக்கு: படம் முப்பத்தாறு, வெட்டியது ஒன்றுமில்லை. கேமரா விற்பனைக்கு இல்லை. அது நுழையும் அளவுக்குப் பிளைவுட்டில் ஓர் ஓட்டை. ஸ்டுடியோக்காரருக்குப் பாதிக் காசு பைசல். பதினோரு மாதத் தூதுக்கும் ஒரு ஜோடி செருப்புக்கும் எனக்கு வரவேண்டியது, பாக்கி.