நிற்காத மேகம்

கணினி விளையாட்டில் தெரியும் வானம் வெறும் படம்தான். ஆடுபவரைச் சுற்றிப் பெரிய பெட்டி மாதிரி ஒட்டிவிடுவோம். ரெடிமேடாகவே விலைக்குக் கிடைக்கும். நான்தான் வாய்க்கொழுப்பில், "நம்ம ஊர் வானத்த நானே எடுத்துத் தரேன்" என்று ஆபீஸில் சொல்லித் தொலைத்தேன்.

பிரேசர் டவுனில் எங்கள் மொட்டைமாடியில் அன்று ஐந்தாவது மாலை. ஒரே வானத்தை இருட்டாகவும் வெளிச்சமாகவும் ஏழு தடவை எடுத்து ஒன்றாக்க வேண்டும். அதுவரை மேகம் நகரக்கூடாது. ஜூன் மாதத்து மேகம் யார் பேச்சைக் கேட்கும்? மறுநாள் காலைக்குள் தராவிட்டால் விலைக்கு வாங்கிய வானம்தான் என்று டீம் லீட் ஷ்ரேயாஸ் சொல்லிவிட்டான்.

அன்றைக்கென்று என் கணவன் நோயலுக்கு மாலைப் பூசையில் முதல் தனிப்பாட்டு. பத்து வருஷம் பாடகர் குழுவில் பின்வரிசையிலேயே நின்றவன். கிளம்பும்போது மாடியேறி வந்தான்.

"ஜோ, நற்கருணை நேரத்துலதான் பாடறேன். அதுக்காவது வந்துடு."

"நீ போ, பின்னாடியே வரேன்."

நான்காவது படத்தில் மேகம் ஓடிற்று. மறுபடி ஆரம்பித்தேன். ஆறாவதில் காற்றடித்து கேமரா நின்ற முக்காலி ஆடியது. பூசை தொடங்கியிருக்கும் என்று தெரியும். என் மேல் எனக்கே எரிச்சல், ஆனாலும் கால் நகரவில்லை. திடீரென்று காற்று அடங்கியது. ஏழும் சரியாக விழுந்தன. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினேன். சர்ச் வாசலில் ஜனம் கலைந்துகொண்டிருந்தது.

"கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டான் நோயல். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, நான் எடுத்த வானத்தைப் போட்டு இருபது பேரை ஆடவைத்துச் சோதித்தோம். யார் எங்கே பார்க்கிறார்கள் என்று கணினி குறித்துக்கொள்ளும். அத்தனை பேரும் எதிரியைத் தேடித் தரையைத்தான் பார்த்தார்கள். ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. ஷ்ரேயாஸ் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிறு என் லேப்டாப்பில் நோயல் ஆடினான். ஆட்டத்தில் வரும் கோட்டைக்குள் நுழைந்ததும் ஓடாமல் மேலே பார்த்து நின்றான்.

"பின்னாடி சுடறாங்க, திரும்பு!"

"இரு. இது எத்தன மணிக்கு எடுத்தது?"

"ஆறு நாப்பது."

"அப்ப நான் ரெண்டாவது சரணத்துல இருந்தேன்."

அதற்குள் அவனைச் சுட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.