இரண்டாம் ஓலை

அந்த ஞாயிறு பூசையில் பிரிஜெட்டின் இரண்டாம் ஓலையை வாசித்திருக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பது வழக்கம். ஃபாதர் வேறு இரண்டு ஜோடிகளை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அகத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிரிஜெட்டுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், கோபமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. கூலிம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ், ஃபெரி, மறுபடி பஸ் பிடித்து பினாங்கு ஃபேக்டரிக்குப் போய், நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு முடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் இணைக்கிறவள் அவள். எல்லாவற்றையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கப் பழகியிருந்தாள்.

பூசை முடிந்ததும் ஃபாதர் இருவரையும் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை இஞ்ஞாசிமுத்து உங்க கூடப்பொறந்த அண்ணன் மகனாமே? தடை இருக்கான்னு கேட்டேனே, ஏன் சொல்லல?"

"மாமன் மகன்தான் ஃபாதர். அவன்தானே முறை! அதுல என்ன தடை?" என்றாள் அகத்தா. நடிப்பில்லை. எஸ்டேட்டில் மாமன் மகன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடினால்தான் நாலு பேர் வாசலில் வந்து கேட்பார்கள்.

ஃபாதர் ஊருக்குப் புதுசு. சபைச் சட்டப்படி இதற்கு ஆயரின் அனுமதி வேண்டும், அது வருவதற்குள் கல்யாணம் வைக்காத தபசுகாலம் தொடங்கிவிடும், இனி ஈஸ்டர் கழிந்துதான் கல்யாணம் என்றார்.

ஈஸ்டர் வரைக்கும் மாமா பொறுக்க மாட்டார். மூத்த தம்பி ஜெரார்ட்டுக்குக் கல்யாணம் என்று ஒரு தடவை, சின்னவன் கென்னத்துக்கு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது என்று ஒரு தடவை, இந்த வீட்டுக்காக ஏற்கெனவே தள்ளிப்போட்டாயிற்று. இஞ்ஞாசிமுத்துவுக்கு சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. மாசக் கடைசியில் மனைவியோடு போகவேண்டும், இல்லையென்றால் வேறு பெண் பார்ப்பேன் என்று மாமா சத்தியமே செய்திருந்தார். பிரிஜெட்டுக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது.

"உங்களுக்கு யாரு ஃபாதர் சொன்னது?"

அவர் தயங்கினார். "உங்க வீட்டு ஆள்தான்மா."

வீட்டுக்கு வந்தபோது கென்னத் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் நின்று கெரெங்கா கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்புதான் அவனுக்கு இந்த வருஷப் பாடம். அக்காவைக் கண்டதும் மளமளவென்று பேச ஆரம்பித்தான். குற்றமுள்ள நெஞ்சுக்கு வாய் சும்மா இருக்காது.

"இங்க பாருக்கா, இதெல்லாம் பொம்பள எறும்பு. முட்ட போட்டு வளக்காது. கூடப்பொறந்ததுங்களத்தான் வளக்கும். சண்டைன்னு வந்தா அதுங்களுக்காகச் சாகும்லா."

"அதுக்கு என்ன கிடைக்கும்?"

"கூடப்பொறந்தது உடம்புலயும் அதோட ரத்தம்தானேக்கா. அது பெத்தா என்ன, இது பெத்தா என்ன? கணக்குப் பார்த்தா நஷ்டமே இல்ல."

"கணக்குப் போட்டது எறும்பா, நீயா?"

கென்னத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எறும்புக்குத் தெரியாதுக்கா. தெரியவும் வேணாம். அதுபாட்டுக்குச் செய்யும்."

"ஆம்பள எறும்பு?"

"அது வேல செய்யாது. ஒரே ஒரு தடவ பறக்கும்." சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஃபாதர்கிட்ட நீதான் சொன்னியா?"

"ஒரு வருஷந்தான்கா," என்றான். "கடைசி வருஷம். நீ சிங்கப்பூர் போயிட்டா நான் படிப்ப விட்டுறணும்."

அகத்தா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு அறை விடுவாள் என்று பிரிஜெட் எதிர்பார்த்தாள். அவளோ கென்னத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். "ஒரு வருஷந்தானே பிரிஜெட்டு. புள்ள முடிச்சிரட்டுமே," என்றாள். இந்தப் பெண்ணிடம் இவர்கள் எல்லோரும் கேட்டது எப்போதும் ஒரு வருஷம்தான். பாவிகள், கூட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

வலிக்க வேண்டிய இடத்தில் பிரிஜெட்டுக்கு மரத்துக் கிடந்தது. அரிசி களைந்து உலையில் போட்டாள். கென்னத்தின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். மூன்றாவது சட்டைக்குக் காலர் திருப்பும்போதுதான் என்ன செய்கிறோம் என்றே தெரிந்தது. பாதியில் வைக்க மனம் வராமல் அதையும் முடித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் இஞ்ஞாசிமுத்து ஹோண்டாவில் வந்தான். விஷயம் அவன் காதுக்கும் போயிருந்தது. இன்ஜினை நிறுத்தவில்லை, உள்ளேயும் வரவில்லை.

"பிரிஜெட்டு, அப்பா கத்துறாரு. கத்தட்டும். ஈஸ்டர் கழிஞ்சு நான் லீவு போட்டு வந்து கட்டிக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு நாள் தள்ளக்கூடாது. நீ வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

இதைவிடத் தெளிவாக எந்த ஆண் கேட்பான்? வருகிறேன் அத்தான் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு அவன் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை.

"இருங்கத்தான்," என்றது வாய். "தம்பி இன்னும் சாப்பிடல. சோறு போட்டுட்டு வந்துர்றேன்."

இஞ்ஞாசிமுத்து திட்டவில்லை. வண்டியைத் திருப்பி ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்விட்டான்.

பிரிஜெட் அடுப்படிக்கு வந்தாள். கென்னத் சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சற்று முன் அவளே கழுவி வைத்தது. உள்ளறையில் அவன் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.