ஈசானியத்தில் தண்ணீர்

யாமினிக்கு கேட்டி பிடிக்கவில்லை. எடிசன் ஊரை விட்டு ஹூஸ்டனுக்கு மாறுகிறோம் என்றதுமே தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு அதன் புறநகரான கேட்டி என்றார்கள். கோயில் பக்கம், நல்ல ஸ்கூல், தெருவுக்கு நாலு தமிழ் வீடு. கணவன் முகிலனும் அதையே பிடித்துக்கொண்டான். அவளுக்கோ அங்கே எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரிந்தது. நம்பர் பார்க்காமல் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாது போல. இத்தனை வருஷம் அபார்ட்மென்டில் அடைந்து கிடந்ததற்கு இதுதானா பலன்?

அவளுக்கு ஊருக்குள்ளேயே, கொஞ்சம் உயிருள்ள தெருவாக வேண்டும். தேடியவளுக்குக் கிடைக்கவும் செய்தது. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் கைகோத்து நிற்கும் பழைய பேட்டை, முனையில் ஒரு காபிக் கடை, அதற்கடுத்து பழைய புத்தகக் கடை. நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒற்றைத் தள வீடு. முன்னால் ஊஞ்சல் தொங்கும் வராந்தா, பின்னால் புல்வெளி சரிந்து இறங்கும் இடத்தில் ஓர் ஓடை. அந்த ஊரில் ஓடைக்கு பாயூ என்று பேர். ஐந்து வயது மகள் வெண்பா ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்து, "அம்மா, ஐ வான்ட் திஸ் ஒன்" என்று சொல்லிவிட்டாள்.

வீடு காட்டிய ஏஜென்ட் விஷாகா நேர்மையான பெண். குழந்தை அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"யாமினி, ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஸ்ட்ரீட் ரொம்ப லோ. பெரிய புயல் அடிச்சப்ப வீட்டுக்குள்ள தண்ணி ஏறியிருக்கு. அதுக்கப்புறம் பக்கத்து வீடெல்லாம் தூக்கிக் கட்டிட்டாங்க. இது மட்டும்தான் அப்படியே இருக்கு."

யாமினி பார்த்தாள். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் தூண்மேல் நின்றன. வாசலுக்கு ஏற நீளமான மரப்படிகள். அவளுக்கு அது அழகாகத்தான் பட்டது.

"எங்க மாமாவால படி ஏற முடியாது. இப்படித் தரையோட இருந்தாத்தான் எங்களுக்கு சரி" என்றாள்.

மாமா என்றால் முகிலனின் அப்பா கிட்டுசாமி. பெருந்துறைக்காரர். எடிசனுக்கு வந்த இடத்தில் பக்கவாதம் அடித்து வலது கால் விழுந்துவிட்டது. வாக்கர் பிடித்துத்தான் நடை. அந்த அபார்ட்மென்டின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், பாத்ரூம் இருந்ததுதான் தன் காலை வாங்கியது என்பது அவர் கட்சி. அந்த மூலை பள்ளமாக இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், அதுவும் நல்ல தண்ணீராக. வாஸ்து விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

யாமினிக்கு வாஸ்துவில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் காரியக்காரி. அடுத்த நாளே மாமனாரை அழைத்துவந்து பின்பக்கப் புல்வெளியில் நிறுத்தி, போனில் காம்பஸைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு ஒன்றுமே தெரியாதவள் போல நின்றாள். முள் ஆடி நின்றது. பாயூ அச்சு அசலாக வடகிழக்கில் ஓடியது.

கிட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மணி, இப்படியொரு மனையப் பெருந்துறையில தேடுனாலும் கிடைக்காது. கன்னி மூலை மேடு, ஈசானியம் பள்ளம், அதுல ஓடற தண்ணி. டேய் முகிலா, கேட்டியும் வேண்டாம் கீட்டியும் வேண்டாம். இதைய வாங்கோணும்."

"அப்பா, ஓடைப்பா அது. தண்ணி உள்ள வந்துட்டா?"

"ஈசானியத்துல தண்ணி வந்தா குடும்பம் விருத்திடா."

அப்போது அவள் வாயைத் திறந்திருக்கலாம். விஷாகா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிதான் என்று தெரியும். அதனால் வெள்ள இன்ஷூரன்ஸ் எல்லாம் இந்த ஊரில் எல்லாரும் எடுப்பதுதான் என்று சொல்லி முகிலன் வாயை அடைத்தாள். பேப்பர் வேலை முழுவதையும் தானே பார்த்துக்கொண்டாள். ஜெயித்த சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு வாரம் தூக்கமே வரவில்லை.

குடிவந்த அன்று பக்கத்து வீட்டு மார்த்தா தன் மரப்படிகளில் இறங்கி வந்தாள். ஒரு கையில் பீக்கன் பை என்ற இனிப்புப் பலகாரம், இன்னொரு கையில் சிவப்புப் பிடி போட்ட கோடரி. இதை அட்டிக்கில், கூரைக்கடியில் இருக்கும் பரணில், வைத்துக்கொள் என்றாள். எதற்கு என்று யாமினி சிரித்துக்கொண்டே கேட்டாள். மார்த்தா சிரிக்கவில்லை. தண்ணீர் துரத்தினால் மேலே ஏறுவீர்கள், மேலேயும் வந்துவிட்டால் கூரையை உடைத்துத்தானே வெளியே வர வேண்டும் என்றாள். யாமினி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். முகிலன் கண்ணில் படாமல் கோடரியை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் செருகினாள்.

ஈசானிய அறை பூஜை அறையானது. கிட்டுசாமி தினமும் அங்கே உட்கார்ந்து ஜன்னல் வழியாக பாயூவைப் பார்ப்பார். கால் விரலில் கொஞ்சம் உணர்ச்சி வந்திருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். அதைக் கேட்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜூன் மாதம் முகிலன் வேலையாக டாலஸ் போயிருந்த சமயம் மழை பிடித்தது. முதல் நாள் பெய்தது, மறுநாள் காலையிலும் விடவில்லை. புல்வெளி காணாமல் போனது. பிறகு வேலி. போனில் வெள்ள எச்சரிக்கை அலறத் தொடங்கியபோது தெருவில் குப்பைத் தொட்டிகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. மார்த்தா தன் உயரத்து வராந்தாவில் நின்று இரண்டு கையாலும் வா வா என்று கூப்பிட்டாள். நடுவில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அவசர உதவிக்கான நைன் ஒன் ஒன்னில் படகு வரும், நேரமாகும், அதுவரை உயரமான இடத்தில் இருங்கள் என்றார்கள்.

அந்த வீட்டில் உயரமான இடம் ஒன்றுதான் இருந்தது. யாமினி கயிற்றை இழுத்து அட்டிக் ஏணியைக் கீழே இறக்கினாள். வெண்பாவை மேலே ஏற்றினாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து கோடரியை எடுத்து மேலே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, ஹவ் வில் தாத்தா கம் அப்?" என்று மேலிருந்து குழந்தை கேட்டது.

தண்ணீர் முதலில் பூஜை அறையில்தான் வந்தது. கதவடியில் பழுப்பாகக் கசிந்து ஹாலுக்குள் பரவியது. கிட்டுசாமி ஏணியடியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"மாமா, தெரிஞ்சேதான் வாங்கினேன் மாமா. விஷாகா அன்னிக்கே சொன்னா. எனக்கு இந்த வீடு வேணும்னு உங்கள..."

அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"நீ புள்ளகிட்டப் போ அம்மணி. ஈசானியத்துல வர்ற தண்ணி கெடுதல் பண்ணாது. எனக்குன்னு நீ தேடிப் புடிச்ச வூடு இது."

அவள் குனிந்து அவருடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி ஏணியின் முதல் படியில் வைத்தாள். கையை எடுத்ததும் அது வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் தூக்கி வைத்தாள்.