பாஸ் எழுதியவர்

இரண்டு மலர்வளையங்களையும் அருகருகே வைக்கக் கூடாது என்று கட்சிக்கார ஊர்ஸ் வந்து காதுக்குள் சொன்னபோது, மதுஜா பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சால்வையை நேராக்கிக்கொண்டிருந்தாள். சரிகைக்கரை ஒரு பக்கம் மடிந்து தோளுக்கடியில் போயிருந்தது. உயிரோடு இருந்தபோது அப்பா சால்வை போட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"எங்களுடையது தலைமாட்டில் இருக்கட்டும். ரேத்தோவின் ஆட்கள் கொண்டுவந்ததை வேறெங்காவது வை," என்றார் ஊர்ஸ். "ரிப்பனில் கட்சியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவரைக் கைகழுவிவிட்டவர்களுக்கு அந்தப் பெயரைப் போட என்ன உரிமை?"

"இரண்டையும் கால்மாட்டில் வையுங்கள்," என்றாள் மதுஜா. ஊர்ஸின் முகம் சுருங்கியது. ஆனாலும் போய் வைத்தார். வைக்கும்போது மற்றதைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டதை அவள் பார்த்தாள்.

கட்சி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. சுவிஸில் ஷ்லீரன் என்ற சின்ன நகரத்தில் மொத்தம் நாற்பத்தொரு அங்கத்தவர்கள். 'ஃப்ரைரவும்', அதாவது சுதந்திர வெளி என்று பெயர். அரசாங்கம் எவ்வளவுக்குச் சிறுக்கிறதோ அவ்வளவுக்கு மனிதன் நிமிர்வான், யாரும் யார்மீதும் பலாத்காரம் செய்யக் கூடாது, மற்றதெல்லாம் அவரவர் பாடு என்பது கொள்கை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பீட்சாக் கடையின் பின்னறையில் கூடி, தெருவிளக்கை நகரசபை எரிப்பதா தனியார் எரிப்பதா என்று தொண்டை கட்டும்வரை வாதாடுவார்கள். பொருளியல் படிக்கும்போது அங்கே போன மதுஜா நாலு வருடமாகச் செயலாளராக இருக்கிறாள். அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

அப்பா தயாபரன் இருபத்தாறு வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ரயில் நிலைய வாசலில் ரோல்ஸும் கொத்துரொட்டியும் விற்க ஒரு சின்ன வண்டி. நகரசபை மூன்று தரம் மறுத்தது. முதல் தரம் புகை. இரண்டாம் தரம் நடைபாதை அகலம் காணாது. மூன்றாம் தரம் விண்ணப்பம் பழைய படிவத்தில் இருந்ததாம். அந்த மூன்றாவது கடிதத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுஜாதான் அவருக்கு வாசித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு அப்பா சொன்னார்:

"ஒரு மனிசன் தன்ரை பாட்டிலை போறதுக்கு இன்னொரு மனிசன் கடதாசி குடுக்கிறதே பிழை, பிள்ளை."

அதை அவள் அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்ல, துள்ளி எழும்பியவர் வேறு யாருமில்லை, தலைவர் ரேத்தோதான். இந்த மனிதர்தான் நமக்கு வேண்டும் என்றார். மார்ச் மாத நகரசபைத் தேர்தலுக்கு அப்பா வேட்பாளரானார். பஸ் தரிப்பிடங்களில் அப்பாவின் படமும் கீழே அந்த வசனமும் ஜெர்மனில் தொங்கின. அம்மா கலாவதி வேலைக்குப் போகும்போது அந்தத் தரிப்பிடத்தில் ஏறாமல் அடுத்ததுக்கு நடந்து போவாள். வெட்கமாம்.

படம் தொங்கிப் பத்து நாளில் எம்மன்புரூக்கேயிலிருந்து குணசேகரம் என்ற ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். படத்தில் இருக்கும் இந்த மனிதர் தொண்ணூற்றிரண்டில் யாழ்ப்பாணத்தில், அப்போது ஊரை ஆண்ட இயக்கத்தின் பாஸ் அலுவலகத்தில் மேசை போட்டு இருந்தவர். பாஸ் இல்லாமல் ஒருவரும் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போக முடியாத காலம். ஒரு தாய் வைத்தியத்துக்குக் கொழும்பு போக மூன்று தரம் வந்து கேட்டார். மூன்று தரமும் இவர்தான் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தத் தாய் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. இவ்வளவுதான் கடிதம். அந்தத் தாயின் பெயரை அவர் எழுதவில்லை.

நாற்பத்தொரு பேரும் நடுவால் பிளந்தார்கள். பலாத்காரத்தின் கையாக இருந்தவன் எங்கள் முகமாக இருக்க முடியாது என்றது ரேத்தோ பக்கம். ஒரு மனிதனை அவனுடைய பழைய கோப்பை வைத்து அளப்பது அரசாங்கங்களின் வேலை, நாமும் அதையே செய்யப்போகிறோமா என்றது ஊர்ஸ் பக்கம். நாலு பக்க, ஆறு பக்க மின்னஞ்சல்கள் பறந்தன. தத்துவ மேற்கோள்கள் கொட்டின. இரண்டு பக்கத்திலும் ஒருவராவது அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதுஜா கேட்டாள். சமையலறை மேசையில், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க.

"உண்மையோ அப்பா?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அப்பா கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "முடிவெடுக்கிறது மேலை இருக்கிறவை. எனக்கு லிஸ்ட் வரும். நான் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான்."

"கையெழுத்து வைச்சவர்தானப்பா செய்தவர்."

அப்படிச் சொன்னபோது அவளுக்குத் தன்மேல் ஒரு பெருமைகூட இருந்தது. அப்பா எழும்பிப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினார்.

வாக்குச்சீட்டுகள் அச்சாகிவிட்டதால் பெயரை எடுக்க வழியில்லை. அதனால் போன வாரம் திங்கட்கிழமை ஐந்து பேர் நிர்வாகக் குழு கூடி, வேட்பாளர் தயாபரனுக்கும் எங்களுக்கும் இனிமேல் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவருக்கே ஒரு கடிதம் எழுத முடிவெடுத்தது. மூன்றுக்கு இரண்டு. மதுஜா எதிர்த்துத்தான் கை உயர்த்தினாள். ஆனால் சங்கத்தின் விதிப்படி எந்தக் கடிதத்துக்கும் தலைவரும் செயலாளரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். ரேத்தோ தாளைத் தள்ளினார். மாட்டேன் என்று எழும்பிப் போயிருக்கலாம். பதவியை விட்டிருக்கலாம். அவள் வேறொரு கணக்குப் போட்டாள். அந்த வீட்டுக்கு வரும் எந்த ஜெர்மன் கடிதமும் உடைக்கப்படாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேலே ஏறி, ஞாயிற்றுக்கிழமை மதுஜா வரும்வரை அங்கேயே கிடக்கும். அவளுக்கு ஒன்பது வயதானதிலிருந்து அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை நானே வாசித்துக் காட்டி, நடந்ததைச் சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கையெழுத்து வைத்தாள். கடிதம் பதிவுத்தபாலில் போனது.

வெள்ளிக்கிழமை காலை, இல்லத்துச் சமையலறையில் சூப் பானையைத் தூக்கக் குனிந்த அப்பா நிமிரவில்லை.

நாலு நாளாக அவளுக்குள் ஒரே கேள்விதான். அப்பா அதைப் பார்த்தாரா? செத்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது அப்பாவின் கட்டிலை அல்ல, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டை. டெலிபோன் பில்லும் காப்புறுதிக் கடிதமும் கிடந்தன. அது இல்லை. அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"பிள்ளை, இரண்டரைக்கு மண்டபத்தை விடவேணுமாம். கெதியாச் செய்வம்," என்றார் கிரியை செய்ய வந்த ஐயா. ஆண் பிள்ளை இல்லையென்று முதலில் அவர் முனகியது உண்மை. பிறகு தர்ப்பையை அவளுடைய விரலிலேயே போட்டுவிட்டார். சனம் வரிசையில் வந்து வாய்க்கரிசி போட்டது. முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்த ஒரு சுவிஸ்காரக் கிழவி, எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாமல் ஒரே ஒரு அரிசியைப் போட்டாள்.

ஊர்ஸ் மறுபடியும் வந்தார். "எனக்கு ஐந்து நிமிடம் தா. பேச வேண்டும். சீட்டில் பெயர் இருக்கிறதுதானே, எல்லாரும் இறந்த மனிதருக்கே வாக்களியுங்கள் என்று கேட்கப்போகிறேன். அவர்களுக்கு ஒரு பாடமாக இருக்கும்."

"இது கூட்டம் இல்லை, ஊர்ஸ்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ சங்கடப்படாதே. நீ கையெழுத்து மட்டும்தானே வைத்தாய். உன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். பின்வரிசையில் கறுப்புக் கோட்டோடு நின்ற ரேத்தோ, ஊர்ஸ் என்ன கேட்கிறார் என்று ஊகித்தவர்போல முன்னுக்கு வந்தார். இருவரும் கதவடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு வாதாடத் தொடங்கினார்கள். பலாத்காரம், கொள்கை, தனிமனிதன் என்று சொற்கள் ஐயாவின் தேவாரத்துக்கு நடுவே வந்து விழுந்தன.

"என்னவாம் அவை?" என்று அம்மா கேட்டாள்.

"பூ எங்கை வைக்கிறதெண்டு, அம்மா."

"வந்ததுகளுக்குத் தேத்தண்ணி குடுக்கச் சொல்லு. தூரத்திலையிருந்து வந்திருக்குங்கள்," என்றாள் அம்மா.

வரிசையின் கடைசியில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையோடு, அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியருகே வந்து நின்றார். போடவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தார். பின்னால் நின்றவர் இருமினார். பொத்திய கையோடு அப்படியே வெளியே போய்விட்டார். அவர் யாரென்று மதுஜாவுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

பெட்டியை மூடித் தகன உலைக்குள் தள்ளினார்கள். அவள் பட்டனை அழுத்தினாள். மணி இரண்டு இருபத்தைந்து. வெளியே வந்தபோது அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பெப்ரவரிக் குளிரில் காது சிவந்திருந்தது.

"நான் குணசேகரம்," என்றார். "வந்தது உங்களுக்குப் பிடிக்காட்டி நான் போறன், பிள்ளை."

"இல்லை அங்கிள். நில்லுங்கோ."

"புதன்கிழமை பின்னேரம் உங்கடை அப்பா எனக்குக் கோல் எடுத்தவர்."

மதுஜா ஒரு அடி கிட்ட வந்தாள். "என்ன சொன்னவர்?"

"தன்ரை பெயரைச் சொல்லேல்லை. எங்கடை அம்மாவின்ரை பெயரைச் சொன்னார். கஜலக்சுமி சபாபதி, கொக்குவில் எண்டார். மூண்டாந் தரம் வரேக்கை மழை, கையிலை டொக்டரின்ரை துண்டைப் பொலித்தீன் பையிலை சுத்திக் கொண்டு வந்தவ எண்டார்." அவர் மற்றக் கையால் காதைத் தேய்த்துக்கொண்டார். "நான் பேப்பருக்குப் பெயர் எழுதேல்லை, பிள்ளை. முப்பது வருசத்துக்கு மேலை. அந்தாள் மறக்கேல்லை."

"மன்னிப்புக் கேட்டவரோ?"

"இல்லை. கேட்டிருந்தா ஏசிப்போட்டு போனை வைச்சிருப்பன். கேட்காதபடியாத்தான் எனக்கு வைக்க ஏலாமல் போச்சு. பிறகு சொன்னார், தனக்கும் இண்டைக்கு ஒரு கடிதம் வந்ததாம். ஜெர்மன், தனக்கு விளங்கேல்லையாம். கீழை இருக்கிற பெயரை மட்டும் வாசிச்சனான் எண்டார்."

அவர் பொத்தியிருந்த கையை விரித்துப் பார்த்தார். அரிசி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"இதைப் போடவும் மனம் வரேல்லை. கொட்டவும் மனம் வரேல்லை," என்றார்.

அவள் கையை நீட்டினாள். அவர் மற்றக் கையால் தட்டி, கடைசி மணிவரை அவளுடைய உள்ளங்கையில் விழுத்திவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். அவள் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வந்ததும் அம்மா சொன்னாள்: "நாளைக்குப் பதிவுக்குக் குடும்பப் பத்திரம் கேக்கினம் பிள்ளை. அப்பாவின்ரை ஓர்ட்னருகளுக்கை கிடக்கும், பார்."

இந்த நாட்டுக்கு வந்து அப்பா ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஓர்ட்னரில் கடதாசி அடுக்குவது ஒன்றைத்தான் என்று அம்மா பகிடி பண்ணுவாள். இரும்பு வளையம் வைத்த தடித்த கோப்புகள் அலுமாரியில் வரிசையாக நின்றன. முதுகில் அப்பாவின் குண்டுக் கையெழுத்தில் தமிழில் பெயர்கள்: வீடு, வரி, பெர்மிட், வண்டி, கட்சி, மதுஜா. குடும்பப் பத்திரம் 'வீடு' கோப்பில் முதலாவதாகவே இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவள் 'கட்சி' கோப்பைத் திறந்தாள். அப்பாவின் படம் போட்ட நோட்டீஸ். குணசேகரத்தின் கடிதம் வந்த பத்திரிகைத் துண்டு, மடிப்புக் கலையாமல். வேறொன்றும் இல்லை.

'மதுஜா' கோப்பை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. எடுத்தாள். பள்ளிக்கூட அறிக்கைகள். சூடேற்றி வேலை செய்யவில்லை என்று ஒன்பது வயதில் வீட்டுக்காரருக்கு அப்பாவின் பெயரில் அவள் எழுதிய கடிதத்தின் பிரதி, எழுத்துப்பிழைகளோடு. பட்டப்படிப்புச் சான்றிதழ். கடைசியாக ஒரு தாள் பின்பக்கம் மேலாக, வெறுமையான முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

திருப்பினாள். அதுதான். சின்னக் கடிதம். இடது ஓரத்தை ஒட்டி அவளுடைய கையெழுத்து, அவசரத்தில் போட்டது. கோப்பில் வைக்கத் துளை போடும் இடத்திலேயே அது வந்திருந்தது. துளைக்கருவி கடிக்கத் தொடங்கிவிட்டு நின்ற அரைவட்டத் தழும்பு, பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் மெல்லிதாகத் தெரிந்தது. அங்கே அழுத்தியிருந்தால் பெயர் போயிருக்கும். அப்பா தாளைத் திருப்பிப் போட்டு, எழுத்தில்லாத வலது ஓரத்தில் இரண்டு துளைகளையும் போட்டிருந்தார்.

"கிடைச்சுதோ பிள்ளை?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"ஓம்," என்றாள் மதுஜா. தாளை எப்படிக் கிடந்ததோ அப்படியே திருப்பி வைத்து, இரும்பு வளையத்தை அழுத்தி மூடினாள்.