மதி என்ற சொல்

உபதேசியார் ஈசாக் பேனாவை உதறியபோது ஒரு துளி மை தரையில் விழுந்தது. சுகிர்தபாய் குனிந்து சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். முற்றத்தில் அவள் கணவர் ஞானசிகாமணிக்குச் சவப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கு வேதக்கோயிலில் இறந்தவரின் ஜீவிய சரித்திரம் வாசிக்க வேண்டும். பிறப்பு, படிப்பு, நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நகல் எழுதும் வேலை, கல்யாணம், பிள்ளை இல்லாதது எல்லாம் எழுதியாயிற்று. பாக்கி ஒரு வரி.

“கடைசியா என்ன சொன்னாரு மக்கா?”

“மதின்னு சொன்னாரு.”

உபதேசியார் தலையாட்டினார். மலையாளத்தில் மதி என்றால் போதும். பட்ட பாடு போதும், ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவருக்கு விளங்கியது. ‘போதும் என்றார்’ என்று எழுதினார்.

வாசலில் நின்ற விஜயதாஸ் உள்ளே வந்தான். இறந்தவரின் தம்பி. நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று அண்ணனோடு கொடி பிடித்தவன்.

“உபதேசியாரே, அத வெட்டும். அண்ணன் வாயில மலையாளம் வராது.”

அது உண்மை. பகல் முழுவதும் மலையாளத்தில் நகல் எழுதுகிறவர், மாநில எல்லைக் கமிஷனுக்கு மனு கொடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள் ஒரு மலையாளச் சொல்லை அனுமதித்ததில்லை. சோறு விளம்பும்போது அவள் ‘மதியா’ என்று கேட்டால் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். ‘போதுமா’ என்று மாற்றிக் கேட்க வேண்டும். அவள் மலையாளம் பேசும் ஆரியங்கோட்டுக்காரி. நாக்கு முளைத்த நாள்முதல் அவளுக்கு மதிதான்.

“மதின்னா நிலாவாக்கும்” என்றான் விஜயதாஸ். “அந்தப் புஸ்தகத்தச் சொல்லியிருப்பாரு.”

“எலே, சாவக் கெடக்கவன் நிலாவயா கேப்பான்?”

“ஒமக்கு எல்லாம் வேதமாக்கும்.”

மொழி ஆராய்ச்சிக்காரன் ஒருவன் ராக்கெட்டில் நிலாவுக்குப் போய் அங்குள்ளவர்களின் பேச்சைப் படிக்கிற நாவல், அந்தப் புஸ்தகம். எழுதியவர் ஓரிடத்திலும் நிலா என்று எழுதவில்லை, எல்லாம் மதி. கண் மங்கிய பிறகு இரண்டு மாதமாக அவள்தான் அவருக்கு வாசித்தாள். நிலாக்காரர்கள் நிழலுக்குப் பதினொரு சொல் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடிச் சிரித்தார், திரும்ப வாசிக்கச் சொன்னார். அவளுக்குக் கொட்டாவி வந்தது. அத்தனை தூரம் போனவன் ஒரு சண்டை போடாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டு கிடக்கிறானே என்பாள். பூமியிலிருந்து அவன் பெண்டாட்டி எழுதும் கடிதங்கள்தான் அவளுக்குப் பிடிக்கும். அதெல்லாம் பக்கம் நிரப்பும் வேலை என்பார் அவர்.

நேற்று மத்தியானம் தூசிக்கான சொற்கள் தொடங்கின. அவள் மூன்று தாள் தள்ளிக் கடிதத்துக்குப் போனாள். பாதிக் கடிதத்தில் அவர் மதி என்றார்.

அவளுக்குக் கை கடுத்திருந்தது. சட்டென்று புத்தகத்தை மூடினாள். வெள்ளம் கோரப் போகிறேன் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனாள். ஒரு குடம் கோர அத்தனை நேரம் வேண்டாம். அவள் அங்கே சும்மா நின்றாள். திரும்பி வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது.

வாசித்தது போதும் என்ற மதி என்றால், சாகக் கிடந்த மனிதர் அவளுடைய பேச்சை ஒரு தடவை பேசியிருக்கிறார். நிலாவென்றால், அவள் தாள் தள்ளியதைக் கண்டுபிடித்து, நிலாவுக்குத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறார். வாசிக்க ஆளில்லாமல் செத்திருக்கிறார்.

“கேட்டது நீங்கதானே மைனி” என்றான் விஜயதாஸ். “எதுவாக்கும்?”

உபதேசியாரும் அவளைப் பார்த்தார். முற்றத்தில் சுத்தியல் நின்றுவிட்டது.

“நிலான்னும் எழுதாண்டாம், போதும்னும் எழுதாண்டாம்” என்றாள். “அவரு சொன்னத அப்படியே எழுதும்.”

உபதேசியார் ஒரு சொல்லை வெட்டி மேலே இன்னொன்றை எழுதினார்.

கோயிலில் பெண்கள் பக்கம் பாயில் முதல் வரிசையில் அவளை உட்கார்த்தினார்கள். உபதேசியார் ஒரே சீராக வாசித்துக்கொண்டு வந்தார். ‘மதி என்றார்’ என்ற இடத்தில் கிழவிகள் சிலர் பட்டது போதும் என்றாராம் என்று உச்சுக்கொட்டினார்கள். விஜயதாஸ் நிமிர்ந்து, நல்ல தமிழ்ச் சொல் கேட்டீர்களா என்பதுபோல் தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தான். உபதேசியார் தாளை மடித்துப் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

எல்லோரும் எழுந்தார்கள். சுகிர்தபாய் பாயிலேயே இருந்தாள், அந்தச் சொல் இன்னொரு தடவை வருமா என்று உபதேசியாரின் வாயைப் பார்த்தபடி.