தனுஜாவைக் கொடுத்துவிட்டு

1

கதை எழுதும் ஆசையில் இதைத் தொடங்கவில்லை. பதுளையில் எங்கள் மகளிர் கூடைப்பந்துக் கழகத்தின் முகாமையாளராக ஜெயமலர் டீச்சர் நீடிப்பதா, விலகுவதா என்று ஞாயிற்றுக்கிழமை செயற்குழு வாக்கெடுக்கிறது. நானும் அதில் ஓர் உறுப்பினர். யோசித்தால் முடிவு வரவில்லை, எழுதினால் வரலாம்.

2

'இரக்கமற்ற ஒரு பெண்மணி...' (வேண்டாம். தீர்ப்பு முதல் வரியிலேயே வந்துவிட்டது.)

'தொலைநோக்கு மிக்க...' (இது பிரியாவிடை விழாவில் வாசிப்பது.)

நடந்ததைச் சொல்கிறேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தனுஜாதான் எங்கள் அணி. மற்ற நால்வரும் அவளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். வருடா வருடம் அரையிறுதியில் எதிரணி அவளை இருவராக மறித்துவிடும், தோற்றுத் திரும்புவோம். அது எங்களுக்குப் பழகியும் போயிருந்தது. டீச்சர் முகாமையாளராக வந்ததும் அவளைக் கொழும்புக் கழகம் ஒன்றுக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஷிப்னா, றமீலா என்ற இரண்டு உயரமான பெண்களை வாங்கினார். அவர்களுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே வராது.

அந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். பசறையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். (இங்கே டீச்சர் அழுததாக எழுதி, அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. காலையும் மாலையும் அந்த இருவரையும் ஓடவிட்டார்.) இந்த வருடம் ஐந்து பேரும் பந்தைக் கைமாற்றி ஆடுகிறார்கள். முதல் தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்திருக்கிறோம்.

ஆகவே டீச்சர் செய்தது சரி என்று முடித்தேன். தனுஜா திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டதால்தான் அப்படி முடிக்க முடிந்தது.

3

கொழும்பில் அவளை ஆடவிடாமல் மைதானத்து ஓர வாங்கிலேயே உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் மைதானத்துக்கு வந்து, தன்னை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள். டீச்சர் மறுத்தார். அவள் வந்தால் மற்றவர்கள் பழையபடி அவள் கையையே பார்த்து நிற்பார்கள் என்றார். செயற்குழு வாக்கெடுக்கக் கிளம்பியது இந்த மறுப்பால்தான்.

"அனுப்புறப்போ என்னைய ஒரு வார்த்த கேக்கலீங்களே டீச்சர்."

"உம்மைக் கேக்காமல் அனுப்பினது பிழை," என்றார் டீச்சர். "அனுப்பினது பிழையில்லை."

"எனக்கு ரெண்டும் ஒன்னுதாங்க."

(ஷிப்னா ஓடிவந்து தனுஜாவைக் கட்டிக்கொள்வதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். உண்மையில் ஷிப்னா பந்தைப் பிடித்தபடி நகராமல் நின்றாள். தனுஜா வந்தால் போவது அவளுடைய இடம்.)

4

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஞாயிறு வந்துவிட்டது.

தலைவர் ஸமீம் சமாதானமாக ஒரு வழி சொன்னார். தனுஜாவின் பெயரை மட்டுமாவது அணியில் சேர்த்துக்கொண்டால் இந்த வாக்கெடுப்பே வேண்டாம் என்றார்.

"பேருக்கு வாங்கிலை இருத்தினால் கொழும்புக்காரர் செய்ததைத்தான் நாங்களும் செய்வம்," என்றார் டீச்சர்.

டீச்சர் நீடிக்கலாம் என்பவர்கள் கை தூக்கும்படி ஸமீம் கேட்டார். பாதிப் பேர் தூக்கினார்கள். மறுபாதி மேசையைப் பார்த்தார்கள். மிச்சம் என் கை மட்டும். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்...

இல்லை. நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் என்னை எடைபோடத் தொடங்கிவிடுவீர்கள், டீச்சரை விட்டுவிடுவீர்கள். எழுந்துகொள்கிறேன். இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தனுஜா வாசலில் நிற்கிறாள். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. ஸமீம் இன்னொரு தடவை கேட்கிறார்.